பேர்சியன் பூனைக்குட்டியை எவரிடம் வாங்குவது? திருகோணமலையிலிருந்து ஒரு கேள்வி

உவர்மலை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மூன்று ஆண்டுகளாக ஒரு பேர்சியன் பூனைக்குட்டி கேட்டு வருகிறாள். புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். பரீட்சையும் முடிந்துவிட்டது. திருகோணமலை நகரில் இனப்பூனை வளர்த்துக் கொடுப்பவர் எவரையும் எனக்குத் தெரியாது. முகநூலில் தேடியபோது கொழும்புப் பக்கத்தில் ஒருவர் வெள்ளைக் குட்டி ஒன்றின் படங்களை அனுப்பினார். குட்டிக்கு ஆறு வாரம் என்றும், பெடிகிரி என்ற வம்சாவளிப் பத்திரம் இருக்கிறது என்றும், முற்பணமாக 15,000 ரூபாயை வங்கியில் வைப்பிட்டால் மறுநாள் இரவு பஸ் நடத்துநரிடம் கொடுத்து அனுப்பிவிடுவதாகவும் சொல்கிறார். தாய்ப்பூனையைக் காணொளி அழைப்பில் காட்டும்படி கேட்டேன். அது வேறு வீட்டில் நிற்கிறது என்றார். நாளைக்குள் முடிவு சொல்லாவிட்டால் குட்டி வேறொருவருக்குப் போய்விடுமாம். பணத்தை அனுப்பலாமா? நம்பத்தக்க வளர்ப்பாளரை இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எப்படி அறிவது? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கிண்ணியாக்கரை எழுதியது:

வணக்கம் சகோதரி. பணத்தை அனுப்ப வேண்டாம். நீங்கள் எழுதியதை வாசித்தபோது என் வீட்டில் நடந்ததை நீங்கள் எப்படி அறிந்தீர்கள் என்று தோன்றியது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே விதமாக ஒரு குட்டியை வரவழைத்தேன். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, இரவு பஸ்ஸில் ஏற்றி, விடியற்காலையில் என் கைக்கு வந்தது. ஏழு வாரம் என்றார்கள். மூன்றாம் நாள் வாந்தி தொடங்கியது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தலையைத் தொங்கப்போட்டபடி குடிக்காமலே இருந்த அந்தக் காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஐந்தாம் நாள் மௌத்தாகிவிட்டது. விற்றவரை அழைத்தேன், என் இலக்கத்தையே தடைசெய்துவிட்டார். என் சிறிய மகன் இரவில் தூங்காமல் அழுததைப் பொறுக்க முடியாமல், ஆறு வாரம் கழித்து இன்னொரு குட்டி வாங்கினேன். இம்முறை விற்றவர் நேர்மையானவர், குட்டியும் நலமாகவே வந்தது. பத்து நாளில் அதுவும் அதே நோயில் போனது. முதற் குட்டியின் நோய் என் வீட்டுத் தரையிலும் பாயிலும் இருந்திருக்கிறது என்பதை அதன் பிறகுதான் அறிந்தேன். இரண்டாவது குட்டியின் சாவுக்கு நானே பொறுப்பு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

தம்பலகாமம் வைத்தியர் எழுதியது:

நான் அரச சேவையில் மிருக வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவன். தம்பி கிண்ணியாக்கரை சொல்லும் நோய் பான்லியூக்கோபீனியா. சிலர் ‘பூனைப் பார்வோ’ என்றும் சொல்வார்கள். அந்தக் கிருமி சாதாரண வீட்டுச் சூழலில் ஓராண்டு வரை உயிர்ப்போடு கிடக்கும்; சவர்க்காரத்துக்கும் பல கிருமிநாசினிகளுக்கும் அசையாது. ஒரு பங்கு குளோரின் வெளிற்றுத் திரவத்தில் 32 பங்கு நீர் கலந்து, கழுவித் துடைத்த தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் அழியும். தம்பி, இது உங்களுக்கு அன்று எவரும் சொல்லாத விடயம். உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இனி தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். ஆறு வாரக் குட்டியை விற்பவர், மற்ற எல்லாவற்றிலும் நல்லவராக இருந்தாலும், அந்த ஒன்றினாலேயே தவறிவிடுகிறார். தாய்ப்பாலிலிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டு போகின்ற, தடுப்பூசியின் சக்தி இன்னும் ஊன்றாத இடைவெளியில் அந்தக் குட்டி நிற்கிறது. தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, சில வார இடைவெளிகளில் திரும்பத் திரும்பக் கொடுத்து, 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும்போது கடைசி ஊசியைப் போடவேண்டும் என்பதே இன்றைய நடைமுறை. இதற்கு நடுவே தாயையும் சகோதரக் குட்டிகளையும் விட்டுப் பிரித்து, சூடான பஸ்ஸில் ஏற்றி, புதிய உணவையும் கொடுத்தால் நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறோம். பிரித்தானியாவின் ஜிசிசிஎப் என்ற பழைய பூனைப் பதிவு அமைப்பு, 1910 இல் தொடங்கப்பட்டது, குட்டி 13 வாரத்துக்கு முன் வளர்ப்பாளரின் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்கிறது. குணத்துக்கும் இந்த வயது முக்கியம். பின்லாந்தில் ஏறத்தாழ 6,000 பூனைகளின் விபரங்களைத் திரட்டி ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தினர் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பூனைகளிடம் கடிக்கும் பிறாண்டும் குணம் கூடுதலாகக் காணப்பட்டது.

வயதை விற்பவரின் வாயிலிருந்து அறிய வேண்டியதில்லை; குட்டியே சொல்லும். ஆறேழு வாரம் வரை எல்லாக் குட்டிகளின் கண்ணும் நீலமாகவே இருக்கும். முகம், காது, கால், வால் மட்டும் கருமையாக இருக்கும் சயாமீஸ் போன்ற இனங்களையும் சில வெள்ளைப் பூனைகளையும் தவிர்த்தால், மற்றவற்றில் அதன் பிறகு நிறம் மாறத் தொடங்கும். எட்டு வாரமளவில் 26 பாற்பற்களும் முளைத்திருக்கும். முன்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் வருவது மூன்றரை நாலு மாதத்தில். எடை மாதத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மூன்று மாதக் குட்டி’ என்று சொல்லி 600 கிராம் குட்டியை நீட்டினால், ஒன்றில் வயது பொய், அல்லது குட்டி நோயாளி.

நிலாவெளிக் காற்று எழுதியது:

அக்கா, கோபிக்க வேண்டாம், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிலாவெளி மீன்வாடிகளுக்குப் பின்னால் மாதந்தோறும் குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து விடுகிறார்கள். பத்திரகாளி அம்மன் கோவில் வீதியிலும் சந்தைக்குள்ளும் நிற்கும் குட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1984 இல் இத்தாலியக் கால்நடை மருத்துவர் ஒருவர் இங்கே சுற்றுலா வந்தபோது நம் தெருப் பூனைகளின் அழகைக் கண்டு, சிலவற்றைக் கொண்டுபோய் ‘சிலோன் பூனை’ என்று ஓர் இனத்தையே உருவாக்கினார். அந்தப் பூனைகளின் உறவுகள் நம் வாசலில் பசியோடு நிற்கும்போது, பணம் கொடுத்துப் பேர்சியன் வாங்க வேண்டுமா?

உவர்மலை வாசகி எழுதியது:

தம்பி, கோபம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் ஏற்கெனவே தெருவிலிருந்து வந்த பூனை ஒன்று இருக்கிறது. கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்துவிட்டோம். மகளின் ஆசையும் எனக்கு முக்கியம். ஆனால் வாங்குவதாக இருந்தால், தாயை வதைத்துக் குட்டி விற்கும் ஒருவருக்கு என் பணம் போகக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். கொழும்பு ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடனே விலையை 5,000 ரூபாய் குறைத்தார். அதிலேயே எனக்கு மிச்சமும் விளங்கிவிட்டது.

பாலையூற்று அம்மா எழுதியது:

பிள்ளை, நான் திருகோணமலைக்கு வருமுன் கண்டியில் பத்து வருடத்துக்கு மேல் பேர்சியன் வளர்த்தவள். இப்போது வயதாகிவிட்டது, செய்வதில்லை. விற்கும் பக்கத்திலிருந்து சில விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நல்ல வளர்ப்பாளரிடம் பெரும்பாலும் ‘இப்போது கையில்’ குட்டி இருக்காது. பூனை சினைப்பட்டு ஈனுவதற்கு ஒன்பது கிழமைக்குச் சற்றுக் கூடவே எடுக்கும், அதன் பிறகு மூன்று மாதம் வளர்க்க வேண்டும். ஆகவே, கேட்டவுடன் நாலு நிறத்தில் குட்டி காட்டுபவரிடம் எத்தனை தாய்ப்பூனைகள் எந்த நிலையில் அடைபட்டுக் கிடக்கின்றன என்று யோசியுங்கள். பூனைக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி வேட்கை வந்துவிடும். தடுக்காவிட்டால் ஈன்றுகொண்டே இருக்கும். தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈற்று, முந்தைய ஈற்று எப்போது என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொல்பவர் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டாவது, தாயை நேரில் பாருங்கள். வேறொரு அழகான பூனையைக் காட்டி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். பெற்ற தாயின் முலைக்காம்புகள் தெரியும், அதைச் சுற்றிய முடி உதிர்ந்திருக்கும், குட்டிகள் அதைக் கண்டதும் ஓடி வயிற்றுக்குள் முகத்தைப் புதைக்கும். ஈன்ற பேர்சியன் தாய் மெலிந்து, முடி கொட்டி, படத்தில் பார்த்தது போல இல்லாமல்தான் இருக்கும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். சீவிச் சிங்காரித்த தாயைக் கண்டால்தான் சந்தேகப்படுங்கள். தாயின் குணத்தையும் கவனியுங்கள். குட்டிக்கு இரண்டாம் கிழமையிலிருந்து ஏழாம் கிழமை வரைதான் மனிதரோடு பழகும் மனம் உருவாகிறது. அந்த நாட்களில் குசினியிலும் விறாந்தையிலும் ஆட்களின் காலுக்குள் வளர்ந்த குட்டி வேறு, பின்வளவுக் கூட்டில் வளர்ந்த குட்டி வேறு.

மூன்றாவது, உங்களைக் கேள்வி கேட்பவரைத் தேடுங்கள். என் வீட்டுக்கு வந்தவர்களிடம் யன்னலுக்கு வலை இருக்கிறதா, முன்வீதியில் வாகனம் ஓடுமா, முடி சீவ ஒவ்வொரு நாளும் யாருக்கு நேரம் இருக்கிறது என்றெல்லாம் கேட்பேன். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். நான் பெற்ற பிள்ளை போல வளர்த்ததை யாருக்குக் கொடுக்கிறேன் என்று அறிய எனக்கு உரிமை உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன். பத்து வருடம் கழித்து என்றாலும், வைத்திருக்க முடியாமல் போனால் என்னிடமே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வேன். அப்படி ஏழு வயதில் திரும்பி வந்த ஒன்று என் மடியிலேயே கண்ணை மூடியது.

இன்னொன்று, பிள்ளை. முதல் முறை போகும்போது கூடை கொண்டு போகாதீர்கள். கூடை கையில் இருந்தால், அழுக்கான வீட்டில் கண் பீளை தள்ளிய குட்டியைக் கண்டாலும், பாவம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். அந்த இரக்கத்தை நம்பித்தான் அவர்கள் தொழில் நடத்துகிறார்கள்.

கிண்ணியாக்கரை எழுதியது:

அம்மா சொன்ன கடைசி வசனத்தை நான் என் கைத்தொலைபேசியில் குறித்து வைத்துக்கொண்டேன்.

பெடிகிரி பத்திரம் பற்றி ஒரு விளக்கம் வேண்டும். எனக்கு வந்த முதற் குட்டியோடு பொன் நிற முத்திரை குத்திய வண்ணத் தாள் ஒன்று இருந்தது. அதில் குட்டியின் படமும் ‘தூய இனம்’ என்ற வாசகமும் மட்டுமே இருந்தன.

பாலையூற்று அம்மா எழுதியது:

தம்பி, அது பத்திரமே இல்லை. உண்மையான வம்சாவளிப் பத்திரத்தில் குட்டியின் பதிவுப் பெயர், வளர்ப்பாளரின் பதிவுசெய்த வீட்டுப்பெயர், பதிவிலக்கம், தாய் தகப்பன் தொடக்கம் பல தலைமுறைப் பெயர்கள், அவற்றின் நிறங்கள் எல்லாம் இருக்கும். அதை எந்த அமைப்பு கொடுத்தது என்றும் இருக்கும். அமெரிக்காவின் சிஎப்ஏ, ஐரோப்பாவின் பீபே, டிக்கா ஆகியவை அப்படிப்பட்ட பூனைப் பதிவு அமைப்புகள். இலக்கம் இருந்தால் அந்த அமைப்புக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். இரண்டு தலைமுறைக்குள் ஒரே பெயர் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்தால் காரணம் கேளுங்கள். நெருங்கிய இரத்தக் கலப்பாக இருக்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘என் பூனைகளுக்குப் பதிவு இல்லை, பேர்சியன் சாயல் உள்ளவை, அதற்கேற்ற விலைதான்’ என்று வாய் திறந்து சொல்பவரை நான் மதிப்பேன். பத்திரம் வம்சத்தைச் சொல்லுமே தவிர, சுகத்தைச் சொல்லாது.

தம்பலகாமம் வைத்தியர் எழுதியது:

அம்மாவின் அந்தக் கடைசி வார்த்தையிலிருந்து தொடர்கிறேன், ஏனெனில் பேர்சியன் வாங்குபவர்கள் அதிகம் அறியாத இடம் அதுதான்.

பேர்சியன்களுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. சுருக்கமாகப் பிகேடி என்போம். கட்டிகள் பிறப்பிலேயே இருக்கும், மெதுவாகப் பெருகும். பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து, குழந்தைகள் அந்தப் பூனையோடு ஒட்டி வளர்ந்த பிறகுதான், சிறுநீரகம் செயலிழந்து நோய் வெளிப்படும். தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வருவதற்கு சரிபாதி வாய்ப்பு. குட்டியைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2004 இல் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் ஒரே முறையில் விடை கிடைத்துவிடும். பத்து மாதம் கடந்த பூனைக்கு அனுபவமுள்ள கையால் ஸ்கேன் செய்தாலும் தெரியும்.

ஆகவே வளர்ப்பாளரிடம் ‘பூனை சுகமா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் சுகம் என்றே சொல்வார்கள். ‘தாய்க்கும் கடுவனுக்கும் பிகேடி பரிசோதனை அறிக்கை காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அறிக்கையில், பூனையின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்பின் 15 இலக்க எண் இருந்தால், அந்தப் பூனையின் தோளில் கருவியை வைத்து வாசித்து இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தத் தாள் எந்தப் பூனையுடையது என்பதற்கு அத்தாட்சி இல்லை. தடுப்பூசி அட்டையிலும் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், திகதி, வைத்தியரின் கையொப்பம், பதிவிலக்கம் ஆகியவை வேண்டும். பேனாவால் எழுதிய திகதி மட்டும் போதாது.

உவர்மலை வாசகி எழுதியது:

டொக்டர் ஐயா, அம்மா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு இடங்களோடு கதைத்தேன். ஒருவர் பேர்சியனை விட்டுவிட்டு, காது முன்னால் மடிந்த ஸ்கொட்டிஷ் போல்ட் குட்டி எடுக்கச் சொல்கிறார். மகளுக்கும் அந்தப் படம் பிடித்துவிட்டது. கண்டிக்கு அண்மையில் உள்ள இன்னொரு பெண், இப்போதுதான் குட்டிகளுக்கு ஐந்து வாரம், பார்க்க வேண்டுமானால் முதல் ஊசி போட்டு ஒரு கிழமை கழித்து வாருங்கள், வேறு பூனை இருக்கும் வீட்டிலிருந்து நேரே வராதீர்கள், உடுப்பு மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்.

தம்பலகாமம் வைத்தியர் எழுதியது:

போல்ட் வேண்டவே வேண்டாம், தங்கச்சி. அந்தக் காது மடிவது அழகுக்கான தனி அம்சம் அல்ல. உடம்பெங்கும் உள்ள குருத்தெலும்பு பழுதுபட்டிருப்பதன் வெளி அடையாளம். 1961 இல் ஸ்கொட்லாந்தின் ஒரு பண்ணையில் கண்டெடுத்த பூனையிலிருந்து வந்த இனம் அது. ஜிசிசிஎப் அதைப் பதிவதில்லை. காது மடிந்த ஒவ்வொரு பூனைக்கும், கூடவோ குறையவோ, மூட்டு நோய் உண்டு. வாலும் கணுக்காலும் விறைத்து, பாயாமல், ஏறாமல் ஓரிடத்தில் இருக்கும். அதைச் ‘சாந்தமான பூனை’ என்று சொல்லி விற்பார்கள். அந்தச் சாந்தம் வலியால் வருவது. மகளிடம் இதை அப்படியே சொல்லுங்கள், பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள்.

உடுப்பு மாற்றி வரச் சொன்னவரிடம் போய்ப் பாருங்கள்.

உவர்மலை வாசகி எழுதியது:

நேற்று நானும் மகளும் போய் வந்தோம். கூடை கொண்டு போகவில்லை. ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக ஐந்து மணித்தியாலத்துக்கும் கூடிய பஸ் பயணம். வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வருவதற்கு இவ்வளவு தூரமா என்று கணவர் கேட்டார்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, கை கழுவச் செய்த பிறகே உள்ளே விட்டார். அவரிடம் இரண்டு தாய்ப்பூனைகள் மட்டுமே. குட்டிகளின் தாய்க்கு நாலு வயது, இது மூன்றாவதும் கடைசியுமான ஈற்று. அம்மா சொன்னது போலவே மெலிந்து, வயிற்று முடி கொட்டி இருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்குள் மூன்று குட்டிகள் அவள் பாவாடையில் ஏறிவிட்டன. மூக்கும் கண்ணும் சுத்தம், மணம் இல்லை, மூச்சில் குறட்டை இல்லை. அவர் ‘பஞ்ச் பேஸ்’ என்ற தட்டை முகப் பேர்சியன் வளர்ப்பதில்லை. மூக்கு உள்ளே அமுங்கினால் மூச்சுக்கும் கண்ணீர்க் குழாய்க்கும் கஷ்டம், திருகோணமலை வெயிலுக்கு, மூக்குச் சற்று வெளியே தெரியும் ‘டோல் பேஸ்’ கூடக் கவனமாகத்தான் வைத்திருக்க வேண்டும் என்றார். தாயின் அறிக்கையைக் காட்டி, நான் கேட்குமுன்னே கருவியால் சிப்பை வாசித்துக் காட்டினார். எண் ஒன்றாகவே இருந்தது.

கடுவன் அவருடையது அல்ல, வேறொருவருடையது. அதன் அறிக்கையின் பிரதி மட்டும் இருந்தது. அங்கேதான் எனக்குச் சற்றுத் தயக்கம். பிறகு அவர் எங்களைக் கேட்கத் தொடங்கினார். யன்னல்களின் படம் அனுப்ப வேண்டுமாம். எங்கள் வீட்டுப் பூனைக்கு லுக்கீமியா, எப்ஐவி என்ற இரண்டு தொற்று வைரசுகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்து விடை அனுப்பினால்தான் குட்டி தருவாராம். பணம் எடுத்து நீட்டினேன். பரிசோதனை வரட்டும், யோசித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று வாங்க மறுத்துவிட்டார்.

தம்பலகாமம் வைத்தியர் எழுதியது:

தயக்கம் நியாயமானது. கடுவனின் உரிமையாளரிடம், சிப் எண் தெரியும்படி கருவியை வைத்து வாசிக்கும் சிறு காணொளி ஒன்றைக் கேட்டு வாங்கித் தரும்படி சொல்லுங்கள். நேர்மையான இருவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

குட்டி வந்ததும் முதல் இரண்டு கிழமை தனி அறையில் வையுங்கள். மூன்று நாட்களுக்குள் உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள். பேர்சியன் முடிக்குள் படர்தாமரைப் பூஞ்சை ஒளிந்திருக்கும், அது பிள்ளைகளுக்கும் தொற்றும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். 16 வார ஊசி உங்கள் கையில்தான் இருக்கிறது, மறக்க வேண்டாம். வெப்பமான கச்சான் காற்று வீசத் தொடங்குமுன் கொண்டுவந்து பழக்கினால் நல்லது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை நாய் போல இளைக்கவில்லை, ஆபத்தில் இருக்கிறது என்பதை மகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நிலாவெளிக் காற்று எழுதியது:

அக்கா, என் கருத்து மாறவில்லை. ஆனால் எல்லோரும் இப்படித் தேடிப்போய் வாங்கினால், மீன்வாடிக்குப் பின்னால் முடி சிக்குப்பிடித்து வந்து கிடக்கும் பேர்சியன்களை நான் காண வேண்டி வராது. போன வருடம் இரண்டைத் தூக்கினோம்.

உவர்மலை வாசகி எழுதியது:

கடுவனின் காணொளி வந்துவிட்டது, எண் பொருந்துகிறது. எங்கள் பூனையின் இரத்தப் பரிசோதனையில் இரண்டுமே இல்லை. முன் விறாந்தை யன்னலுக்குக் கணவர் வலை அடித்துவிட்டார், பின் அறை யன்னல் மிச்சம் இருக்கிறது. இன்றுதான் முற்பணம் அனுப்பினேன். குட்டியைத் திரும்ப ஏற்பது பற்றிய வாசகத்தோடு பற்றுச்சீட்டும் வந்தது. 13 வாரம் நிறைய இன்னும் ஐந்து கிழமை. ஒவ்வொரு ஞாயிறும் தராசில் வைத்து எடையை அனுப்புகிறார், மகள் அதை நாட்காட்டியில் எழுதுகிறாள். இந்தக் கிழமை 790 கிராம்.